எட்டு போடும் மூளை

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பொறியியல் கண்ணோடு பார்ப்பவருக்கு, அந்தப் பெரிய மர ஊர்தியில் திசை மாற்றும் உறுப்பு எதுவுமே இல்லை என்பது முதலில் புலப்படும். சக்கரங்கள் அச்சிலும், அச்சுகள் அடிச்சட்டத்திலும் நேராகவே பொருந்தியிருப்பதால், வடம் பிடிப்போர் எந்தப் பக்கம் இழுத்தாலும் தேர் நேராகப் போகவே முயலும். ஆகவே சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைத் தக்க கணத்தில் தக்க சாய்வில் கொடுத்து, கட்டையின் மீது சக்கரம் உராய்ந்து விலகும் அளவுக்குத் தேரைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறார்கள். முட்டுக்கட்டை போடுபவர் தேரின் மீது அமர்ந்திருப்பதில்லை. சக்கரத்தை ஒட்டி நடந்தபடியே, அது அடுத்து எங்கே உருண்டு வரும் என்பதை முன்கூட்டிக் கணித்து, நிறுத்துவது, திருப்புவது ஆகிய இரு வேலைகளையும் ஒரே கட்டையால் செய்து முடிக்கிறார்.

மோட்டார் வண்டியில் இந்த வேலைகள் பிரிக்கப்பட்டு, ஒரே மனிதரின் கைக்கும் காலுக்கும் ஒப்படைக்கப்பட்டன. வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடவேண்டியிருப்பதால், முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தே ஆகவேண்டும். உள்சக்கரம் கூடுதலாகவும் வெளிச்சக்கரம் குறைவாகவும் திரும்பும் இணைப்பை 1817-இல் ஜெர்மனியின் கியோர்க் லங்கன்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் வகுத்தார். மறு ஆண்டு லண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்ற ருடால்ஃப் ஆக்கர்மனின் பெயரே அந்த அமைப்புக்கு நிலைத்துவிட்டது. இன்று ஸ்ரீரங்கத்து வீதி முனையில் ஒரு கார் இரண்டு நொடியில் திரும்பிவிடுகிறது. முட்டுக்கட்டைக்காரரின் கையிலிருந்த திறமையில் ஒரு பகுதியை இரும்புக் கம்பிகள் எடுத்துக்கொண்டன. ஆனால் சக்கரம் அடுத்து எங்கே இருக்கும், எதிரில் வருபவர் அப்போது எங்கே இருப்பார் என்ற கணிப்பை எந்தக் கம்பியும் எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டி ஓட்டக் கற்பது என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு கல்விகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று கை, கால்களின் கல்வி. அது சில வாரங்களில் முடிந்துவிடும். மற்றொன்று கண்ணின் கல்வி. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் தேவை. ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வு பெரும்பாலும் முதல் கல்வியையே அளக்கிறது என்பதும், சாலையில் உயிரைக் காப்பது இரண்டாவதே என்பதும் இந்த அத்தியாயம் விளக்க முற்படும் செய்திகள்.

சட்டம் அமைத்த படிகள்

இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்தை நெறிப்படுத்துவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தோடு, மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 என்ற தொகுப்பும் சேர்ந்தே இயங்குகிறது. திருச்சிராப்பள்ளி மாநகரப் பகுதியில் இதைச் செயல்படுத்தும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் மூன்று: திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, ஸ்ரீரங்கம். மாம்பழச் சாலை சந்திப்பில் சிக்னலுக்காக நிற்கும் வண்டிகளின் எண் பலகைகளில் டி.என். 45, டி.என். 81, டி.என். 48 என்று மூன்று வரிசைகள் கலந்து தெரிவதற்கு இதுவே காரணம்.

முதற்படி, மக்கள் வழக்கில் எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம். பொதுவாக 18 வயதும், 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு 16 வயதும் நிறைந்திருக்க வேண்டும். சாலைக் குறியீடுகளையும் ஓட்டுநரின் கடமைகளையும் பற்றிய வினாக்களில் நூற்றுக்கு அறுபதாவது சரியாக விடையளித்தால் கிடைக்கும் இந்த உரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழிந்த பிறகே நிலையான உரிமத்துக்கான தேர்வுக்குப் போகமுடியும். இடைப்பட்ட காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும், 18 சென்டிமீட்டருக்குக் குறையாத வெள்ளைச் சதுரத்தில், ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து சிவப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகளின் கார்களில் பயிற்றுநரின் காலடியிலும் பிரேக், கிளட்ச் மிதிகள் இருப்பதற்குக் காரணமும் விதிகளே; கற்பவர் தவறும் கணத்தில் வண்டியைக் கட்டுப்படுத்தும் வசதி மற்றவருக்கு இருக்கவேண்டும் என்று அவை கோருகின்றன.

சொந்த உபயோகத்துக்கான கார் போன்ற வண்டிகளுக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையாமலும், உண்மையில் வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்கிறது 31-ஆம் விதி. பத்து மணி நேரத்தை 21 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளுக்கு அரை மணிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. பத்து மணி நேரத்தையும் ஒரு வார இறுதியில் ஓட்டித் தீர்த்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு, தபால் துறையிலிருந்து ஒரு விடை உண்டு. பிரிட்டனில் தபால்காரர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கவேண்டி வந்தபோது, ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இரு உளவியலாளர்கள் அவர்களைப் பிரிவுகளாக்கி வெவ்வேறு கால இடைவெளியில் பயிற்சி கொடுத்தனர். 1978-இல் வெளியான முடிவுகளின்படி, நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்களுக்கு விசைப்பலகை கைவர ஏறத்தாழ 35 மணி நேரம் போதுமானதாக இருந்தது. நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் பிடித்தது. குறைந்த நேரத்தில் கற்ற பிரிவினரே தங்கள் முறையில் அதிக அதிருப்தி கொண்டிருந்தனர் என்பது இதில் கவனிக்கத்தக்கது. நாள் கணக்கில் பார்க்கும்போது தாங்கள் பின்தங்குவதாக அவர்களுக்குத் தோன்றியது. பயிற்சியின்போது மூளையில் ஏற்படும் மாற்றங்கள் நிலைபெறுவது பெருமளவுக்குப் பயிற்சிகளுக்கு இடையிலான ஓய்விலும் உறக்கத்திலும்தான் என்பதால், அரை மணிக்குப் பின் பயிற்றுநர் “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிடுவது கற்பவருக்கு நன்மையே.

கிளட்ச் கற்றுத்தரும் பாடம்

கற்பவர் முதலில் மல்லுக்கு நிற்பது பெரும்பாலும் கிளட்சோடுதான். நின்றிருக்கும் காரின் சக்கரங்கள் அசைவற்றிருக்க, எஞ்சினோ நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் ஓடிக்கொண்டிருக்கிறது. சுழல்வதையும் சுழலாததையும் திடீரென்று பிணைத்தால் எஞ்சின் திணறி, வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். இதைத் தவிர்க்க, எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரத்துக்கும் கியர் பெட்டிக்கும் இடையே உராய்வுப் பூச்சுள்ள தட்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. மிதியை அழுத்தினால் தட்டு விலகும். மெல்ல விட்டால், தட்டு முதலில் வழுக்கியபடி உரசி, எஞ்சினின் சுழற்சியைச் சிறிது சிறிதாகச் சக்கரத்துக்குக் கடத்தி, இறுதியில் முழுமையாகப் பிடித்துக்கொள்ளும். மிதியின் முழுப் பயணத்தில் இந்த ‘ஹாஃப் கிளட்ச்’ பகுதி மிகக் குறுகியது. அதற்குள் பாதத்தை நிறுத்தி, அதே வேளையில் வலக்காலால் ஆக்சிலரேட்டரை அளவாகக் கொடுக்கவேண்டும்.

பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற உளவியலாளர்கள் 1967-இல் உடல் திறன்களைக் கற்பதை மூன்று நிலைகளாகப் பகுத்தனர். முதலாவது அறிநிலை: செய்யவேண்டியதை மனத்துக்குள் சொற்களாகச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்வது. இரண்டாவது இணைப்பு நிலை: தனிச் செயல்கள் கோத்துக்கொண்டு, தவறுகள் குறைந்து வருவது. மூன்றாவது தன்னியக்க நிலை: கவனம் வேறிடத்தில் இருக்கும்போதும் செயல் தானே நடப்பது. மனத்தில் ஒரே நேரத்தில் ஏந்திவைக்கக்கூடிய செய்திகள் மிகச் சிலவே என்பதால், அறிநிலையில் உள்ளவருக்குக் கிளட்ச், கியர், கண்ணாடி, ஹாரன் என்று ஒவ்வொன்றும் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ள, சாலையைப் பார்ப்பதற்கென்று மிஞ்சுவது சொற்பம்.

இந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு ஆற்றுவது, தலையின் பின்புறம் கீழே அமைந்துள்ள சிறுமூளை. உடலை அசைக்குமாறு கட்டளை பிறக்கும்போதே, அதன் விளைவு எப்படி இருக்கும் என்று சிறுமூளை ஒரு முன்கணிப்பைச் செய்துகொள்கிறது; விளைவு அதிலிருந்து விலகினால், அந்த விலகலைக் குறிக்கும் நரம்புச் சமிக்ஞை அங்குள்ள இணைப்புகளை மாற்றியமைத்து அடுத்த கணிப்பைத் திருத்துகிறது. டேவிட் மார் 1969-இல் முன்வைத்து, மசாவோ இதோ போன்றோரின் ஆய்வுகளால் வலுப்பெற்ற இந்தக் கருத்தின்படி, வண்டி குதித்து நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் பாடத்தின் ஒரு பகுதிதான். பிழை நேராமல் சிறுமூளைக்குக் கற்பதற்கு எதுவும் கிடைப்பதில்லை.

அனுபவசாலிகள் பலர் நல்ல பயிற்றுநராக இருப்பதில்லை என்ற பொது அனுபவத்துக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. தன்னியக்க நிலையை அடைந்த திறன் சொற்களின் ஆட்சியிலிருந்து விலகிவிடுகிறது. இருபது ஆண்டு கார் ஓட்டிய தந்தை, பக்கத்தில் அமர்ந்து “மெதுவா விடும்மா, மெதுவா” என்பதற்கு மேல் மகளுக்கு எதுவும் சொல்லமுடியாமல் எரிச்சலடைவதற்குக் காரணம், எவ்வளவு மெதுவாக என்பது அவருடைய பாதத்துக்குத் தெரியுமே தவிர, அவருடைய நாவுக்குத் தெரியாது என்பதே.

காவிரிச் சமவெளியில் அமைந்த திருச்சியில் மலைப்பாதை இல்லையாயினும், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும் பாடத்துக்குப் பாலங்களின் அணுகு சாலைகள் போதும். தென்னூர் மேம்பாலத்திலோ காவிரிப் பாலத்தின் ஏற்றத்திலோ வண்டி வரிசை நின்றுவிட்டால், முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாய்வு என்று வைத்துக்கொண்டாலும், 1000 கிலோ எடையுள்ள காரைப் புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை, ஏறத்தாழ 33 கிலோ சுமையைத் தாங்கிப் பிடிக்கும் விசைக்குச் சமம். பிரேக்கிலிருந்து வலக்கால் விலகி ஆக்சிலரேட்டருக்குப் போகும் இடைவேளையில் அந்த விசை தடையின்றி வேலை செய்வதால்தான் வண்டி பின்னால் உருள்கிறது. கைப்பிரேக்கைப் பிடித்தபடியே ஹாஃப் கிளட்சில் எஞ்சினின் இழுவையை வரவழைத்து, இரு விசைகளும் சமமாகும் கணத்தில் கைப்பிரேக்கை விடுவதே தீர்வு. கற்றவரின் பாதம் இந்தச் சமநிலையை எஞ்சின் ஒலியின் கனத்திலிருந்தும் வண்டியின் மெல்லிய அதிர்விலிருந்தும் உணர்ந்துகொள்கிறது.

எட்டின் வடிவியல்

தமிழ்நாட்டில் ஓட்டுநர் தேர்வு என்றதும் நினைவுக்கு வருவது எட்டு. தேர்வில் காட்டவேண்டிய திறன்களை 15-ஆம் விதி நீண்ட பட்டியலாகத் தருகிறது. புறப்படும் முன் பின்னோக்குக் கண்ணாடியைச் சரிசெய்வது தொடங்கி, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் எடுப்பது, பின்னோக்கி ஓட்டிக் குறுகிய இடத்தில் நுழைப்பது, பாதசாரிகள் கடக்குமிடத்தில் முறையாக நடந்துகொள்வது, பிற சாலைப் பயனர்களிடம் பரிவு காட்டுவது வரை அதில் உண்டு. எட்டு என்ற வடிவம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆயினும் மோட்டார் வாகன ஆய்வாளரின் முன் சில நிமிடத்தில் பல திறன்களைச் சேர்த்துச் சோதிக்க இதைவிடச் சுருக்கமான வடிவம் அரிது. இரு வட்டங்கள் தொடும் புள்ளியில், ஒரு பக்கம் ஒடித்திருந்த கைப்பிடி மறுபக்கத்துக்கு முழுவதுமாக மாறவேண்டும். இந்த மாற்றத்தில்தான் பழக்கமின்மை வெளிப்படுகிறது.

இருசக்கர வண்டியில் எட்டு கடினமாக இருப்பதற்குக் காரணம் அதன் வேகக் குறைவு. நடுத்தர வேகத்தில் இருசக்கர வண்டி பெருமளவுக்குத் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். இதற்குச் சுழலும் சக்கரத்தின் பம்பரத் தன்மையே காரணம் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. ஆனால் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் பம்பர விளைவை நீக்கிக் கட்டமைத்த ஒரு மிதிவண்டியும் ஆளின்றித் தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு உருண்டது 2011-இல் வெளியானபோது, நிலைப்புக்குப் பல காரணங்கள் கூட்டாகப் பொறுப்பாகின்றன என்பது தெளிவாயிற்று. வேகம் குறையும்போது இந்தத் தற்காப்பு மறைந்து, வேலை முழுவதும் ஓட்டுபவரின் தலையில் விழுகிறது. உள்ளங்கையில் ஒரு கோலை நட்டு நிறுத்தும் சிறுவன், கோல் சாயும் பக்கமே கையை நகர்த்துவதுபோல, வண்டி சாயும் பக்கமே கைப்பிடியைத் திருப்பிச் சக்கரங்களை எடையின் கீழ் கொண்டுவரவேண்டும். பயந்தவரின் கை இயல்பாக எதிர்ப்பக்கம் இழுக்கும். அடுத்த கணம் கால் தரையில் ஊன்றப்படும். தேர்வும் அதோடு முடிந்துவிடும்.

எட்டு போடுபவர் எங்கே பார்க்கிறார் என்பதும் முக்கியம். 1994-இல் மைக்கேல் லாண்ட், டேவிட் லீ இருவரும் வளைவுச் சாலையில் ஓட்டுநர்களின் விழியசைவைப் பதிவு செய்தபோது, வளைவின் உள்விளிம்பு பார்வைக் கோட்டைத் தொட்டு விலகும் புள்ளியையே, வளைவுக்குள் நுழைய ஓரிரு நொடி இருக்கும்போதிருந்து அவர்கள் நாடுவது தெரியவந்தது. கண் முன்னே போக, கை அதைப் பின்தொடர்கிறது. முன்சக்கரத்தின் அடியைக் குனிந்து பார்த்தபடி எட்டு போடுபவருக்குத் திருத்தம் செய்ய நேரமே கிடைப்பதில்லை; பார்வையை அடுத்த வளைவின் மீது வைத்தவருக்குக் கோடு தானாகவே அமைந்துவிடுகிறது.

நான்கு சக்கர வண்டியில் எட்டு கற்பிப்பது வேறொரு பாடம்: பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை. முன், பின் அச்சுகளுக்கிடையே 2.4 மீட்டர் உள்ள சிறிய கார் ஒன்றின் முன்பக்கம் 5 மீட்டர் ஆர வட்டத்தில் திரும்பினால், பித்தகோரஸ் தேற்றத்தின்படி பின்பக்கம் 4.4 மீட்டர் ஆரத்தில், அதாவது 60 சென்டிமீட்டர் உள்ளே ஒதுங்கி வரும். அச்சிடைவெளி 5.5 மீட்டர் உள்ள ஒரு பேருந்து 10 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது இந்த ஒதுக்கம் 1.6 மீட்டரைத் தாண்டுகிறது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குள் திரும்பும் நகரப் பேருந்தின் உள்பக்கம் அகலமான இடம் இருக்கிறதென்று நுழையும் இருசக்கர ஓட்டுநர், சில நொடியில் அந்த இடம் பின்சக்கரத்துக்கு உரியதாகிவிடும் என்பதை அறியாதவர். எட்டில் கற்ற வடிவியலைப் பிறருடைய வண்டிக்கும் பொருத்திப் பார்க்கத் தெரிவது, அடுத்த கல்வியின் தொடக்கம்.

பயிற்சி மைதானத்தில் நூறு தடவை எட்டு போட்டவரும் ஆய்வாளர் முன் தடுமாறுவதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. சியன் பெய்லாக், தாமஸ் கார் இருவரும் கோல்ஃப் ஆட்டத்தைக் கொண்டு செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வுகள், பதற்றத்தில் ஒருவர் தன்னியக்கமாக நடந்துவந்த செயலின் ஒவ்வொரு படியையும் மீண்டும் கவனித்துச் செய்ய முற்படுவதே தடுமாற்றத்துக்கு வழி வகுக்கிறது என்று காட்டின. பிறர் பார்க்கும் நிலையில் பழகியிருப்பது இதற்கு நல்ல மாற்று. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதைவிட, எட்டு, நேர் ஓட்டம், ஏற்றம், பின்னோக்கல் ஆகியவற்றைக் கலந்து பழகுவது பயிற்சி வேளையில் சிரமமாகத் தெரிந்தாலும் பின்னர் நிலைத்து நிற்கும் என்பது, 1979-இல் ஜான் ஷே, ராபின் மார்கன் ஆகியோர் கையசைவுகளைக் கொண்டு செய்த சோதனையிலிருந்து அறியப்படுகிறது.

கண் கற்கும் பாடம்

1972-இல் மூரன்ட், ராக்வெல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் புதிய ஓட்டுநர்களும் அனுபவசாலிகளும் சாலையில் எங்கெங்கே பார்க்கிறார்கள் என்பதைப் பதிவு செய்தனர். புதியவர்களின் பார்வை வண்டிக்கு அருகிலேயே, குறுகிய எல்லைக்குள் சுழன்றது. கண்ணாடிகளைப் பார்ப்பதும் குறைவாக இருந்தது. அனுபவசாலிகளின் பார்வை தொலைவிலும் பக்கவாட்டிலும் பரந்து திரிந்தது. இது புதியவரின் அலட்சியத்தால் விளைவதன்று. வண்டியைக் கோட்டில் வைத்திருப்பதற்கே கூர்ந்த பார்வையைச் செலவிடவேண்டிய நிலையில் அவர் இருக்கிறார். அனுபவசாலியோ அந்த வேலையைப் பார்வையின் விளிம்புக்கு ஒப்படைத்துவிட்டு, கூர்ந்த பார்வையை வேண்டுமிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

எதிரே வருவது எப்போது வந்து சேரும் என்பதைக் கண் எப்படி அறிகிறது? தொலைவையும் வேகத்தையும் தனித்தனியே அளந்து வகுக்கவேண்டிய தேவை இல்லை என்று டேவிட் லீ 1976-இல் விளக்கினார். விழித்திரையில் விழும் பிம்பத்தின் அளவை, அது வளரும் வேகத்தால் வகுத்தாலே எஞ்சிய நேரம் கிடைத்துவிடும். ஆனால் இந்தத் தகவலில் ஒரு பொறி உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நின்ற லாரியை நெருங்கும்போது, தொலைவு 80 மீட்டரிலிருந்து 40 மீட்டராகப் பாதியாகி, பிம்பம் இருமடங்காவதற்கு 3.6 நொடி ஆகும். 20 மீட்டரிலிருந்து 10 மீட்டராகி மறுபடி இருமடங்காவதற்கு 0.9 நொடிதான். நெடுநேரம் மாறாததுபோல் இருந்த பிம்பம் கடைசி நொடிகளில் திடீரென்று ஊதிப் பெருக்கிறது. உருவத்தில் சிறிய வண்டி வந்து சேரச் சற்று நேரமாகும் என்று மூளை தவறாக எண்ணுவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. குறுக்குச் சாலையிலிருந்து வெளிவரும் கார், வரும் பேருந்துக்கு ஒதுங்கி நின்றுவிட்டு, அதே தொலைவில் வரும் மொபெட்டுக்கு முன் புகுந்துவிடுவது இதன் விளைவு.

வேகத்தைப் பற்றிய உணர்வும் நம்பத்தக்கதன்று. சென்னை நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வந்தவருக்குப் புலன்கள் அந்த ஓட்டத்துக்குப் பழகிவிடுவதால், கொள்ளிடத்தைக் கடந்து சஞ்சீவி நகர், பால்பண்ணை சந்திப்புகளை நெருங்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டரும் ஊர்வதுபோலத் தோன்றும். அந்த இடத்தில் ஸ்பீடோமீட்டரின் முள்ளை நம்பவேண்டுமே தவிர, உணர்வை நம்பக்கூடாது.

முன்னறிவின் மதிப்பை எண்களிலேயே காட்டமுடியும். உலர்ந்த தார்ச்சாலையில், டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.7 என்று கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி பிரேக் பிடித்தபின் நிற்க 9 மீட்டர் போதும். மழையில் அந்தக் கெழு 0.4 ஆகக் குறைந்தால் ஏறத்தாழ 16 மீட்டர் வேண்டும். ஆனால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே வண்டி ஓடிவிடும் தூரம் ஒன்று இருக்கிறது. இடரை எதிர்பார்த்திருந்தவர் ஏறத்தாழ 0.7 நொடியில் பிரேக்கைத் தொட்டுவிடுவார். அதற்குள் வண்டி 8 மீட்டர் போயிருக்கும். எதிர்பாராதவருக்கு 1.5 நொடி வரை ஆகும். வண்டி 17 மீட்டர் போயிருக்கும். இரண்டுக்குமான வேறுபாடு 9 மீட்டர், அதாவது உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிறுத்துவதற்கான முழுத் தூரத்துக்கும் சமம். எதிர்பார்ப்பவர் முழுவதுமாக நின்றுவிடும் தூரத்தில், எதிர்பாராதவர் அப்போதுதான் பிரேக்கைத் தொட்டிருப்பார். வண்டி ஒன்றே, சாலை ஒன்றே, காலின் வலிமையும் ஒன்றே என்றிருக்க, வேறுபாடு முழுவதும் கண்ணில் இருக்கிறது.

தேர்வு அளக்காத மிச்சம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற அளவோடு தமிழ்நாடு மாநிலங்களில் முதலிடத்தில் இருந்தது. சாலையமைப்பு, தலைக்கவசம், மது, வேகம் என்று காரணங்கள் பல. எனினும் ஒரு போக்கு பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டுள்ளது: புதிய ஓட்டுநரின் விபத்து வாய்ப்பு, உரிமம் பெற்றுத் தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் மாதங்களில் மிக உயர்ந்திருந்து, பின் விரைவாகச் சரிகிறது. வண்டியைக் கையாளும் திறனில் தேர்ச்சி பெற்றவர்களே அவர்கள்; அந்த மாதங்களில் அவர்கள் கற்றுக்கொள்வது சாலையைப் படிக்கும் திறனை.

1935-இல் ஓட்டுநர் தேர்வைக் கட்டாயமாக்கிய பிரிட்டன், இந்த மிச்சத்தை அளக்க 2002-இல் புதிய பகுதி ஒன்றைச் சேர்த்தது. தேர்வு எழுதுபவர் திரையில் 14 சாலைக் காட்சிகளைப் பார்த்து, இடர் உருவாகத் தொடங்குவதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்தவேண்டும். எவ்வளவு முன்னதாகக் காண்கிறாரோ அவ்வளவு மதிப்பெண். அனுபவசாலிகள் இத்தகைய காட்சிகளில் புதியவர்களைவிட முன்னதாக இடரைக் காண்பதும், பயிற்சியால் இத்திறனை வளர்க்கமுடிவதும் ஆய்வுகளில் உறுதியாகியுள்ளன. பிரிட்டனின் காவல் துறைப் பயிற்சியில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு முறைக்குத் திரையும் தேவையில்லை: ஓட்டுபவர் தாம் காண்பதையும், அதிலிருந்து எதிர்பார்ப்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. பயிற்சிக் காரிலும், ஏன், பேருந்தின் முன் இருக்கையில் பயணியாக அமர்ந்திருக்கும்போதும்கூட இதைப் பழகலாம்.

அம்மாமண்டபம் சாலையிலிருந்து மாம்பழச் சாலை வழியாக, 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தைக் கடந்து, சிந்தாமணி அண்ணா சிலையைச் சுற்றிச் சத்திரம் பேருந்து நிலையம் வரை செல்லும் சிறிய தொலைவே இப்பயிற்சிக்குப் போதுமானது. ஓரமாக நிற்கும் ஆட்டோவின் முன்சக்கரம் சாலைப் பக்கம் ஒடிந்திருந்தால், அது சிக்னல் போடாமலேயே புறப்படப் போகிறது. நின்ற காரின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு தலை அசைந்தால், கதவு திறக்கலாம். பாலத்தின் நடைபாதையில் ஆற்றைப் பார்த்து நிற்கும் கூட்டத்திலிருந்து ஒரு குழந்தை பின்வாங்கி இறங்கலாம். இவற்றில் எதற்கும் சாலைக் குறியீடு கிடையாது. நிலையத்தை ஒட்டி நின்று ஆட்களை இறக்கும் பேருந்தின் முன்புறத்தை உயரமான அதன் உடலே மறைத்துவிடுகிறது; புதிய ஓட்டுநரின் கண் பின்கண்ணாடியிலும் வழித்தடப் பலகையிலும் நின்றுவிட, பழகிய கண் தாழ்ந்து, பேருந்துக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியில், முன்சக்கரத்துக்கு அப்பால் சாலையின் நடுவை நோக்கி நகரும் ஒரு ஜோடி கால்களைத் தேடுகிறது.